கணப்புக் காவலர்

நியூ ட்ரோசரே, தென் நியூசிலாந்து
9 பிப்ரவரி 1981

மதிப்புக்குரிய செல்வி மார்சலி மெக்காஸ்கில் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைத் தட்டச்சில் அடிக்காமல் கையால் எழுதுவது என்று எங்கள் மெக்காஸ்கில் வம்சாவளிச் சங்கத்தின் பொதுக்குழு முடிவு செய்திருக்கிறது. இம்முடிவு எளிதில் எட்டப்பட்டதல்ல. இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. முதல் கூட்டம் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பருவத்தில் வந்துவிட்டதால் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாவதில் தட்டச்சை ஆதரித்துப் பேசிய பொருளாளர், வாக்கெடுப்புக்குப் பின் பதவி விலகினார். அவர் என் மைத்துனர். என் கையெழுத்து இந்தத் தியாகங்களுக்குத் தகுதியானதாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நான் லாக்லன் மெக்காஸ்கில், சங்கத்தின் செயலாளர். பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆடுகளும் சௌக்கியம். உங்கள் உடல்நிலையும் நன்றாக இருக்க வேண்டுமென்று, உங்களை அறியாமலேயே, விரும்புகிறோம்.

விஷயம் இது. எங்கள் ஊரை நிறுவியவர் நார்மனின் மகன் டோனால்ட் மெக்காஸ்கில், என் தாத்தா. 1863-இல் உங்கள் ட்ரோசரே தீவிலிருந்து கப்பலேறி வந்தார். இந்த ஊரில் பாதிப்பேர் அவருடைய வழித்தோன்றல்கள். மீதிப்பேர் அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். தாத்தா தீவைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. "எங்கேர்ந்து வந்தீங்க தாத்தா?" என்று கேட்டால், "மழையிலேர்ந்து" என்பார். எங்களிடம் உள்ள ஆவணம் அதுவே.

மெக்காஸ்கில் என்ற பெயரில் தீவில் எஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான் என்று உங்கள் ஊர் அஞ்சலகத்தார் எழுதினார்கள். தாத்தா பிறந்த வீட்டின் ஒரு கல்லாவது மிஞ்சியிருக்கிறதா? இருந்தால் அந்தக் கல்லைப் புகைப்படம் எடுத்து அனுப்ப இயலுமா?

பொதுக்குழுவின் சார்பில்,
லாக்லன் மெக்காஸ்கில்


ட்ரோசரே
20 மார்ச் 1981

மதிப்புக்குரிய லாக்லன் மெக்காஸ்கில் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. வெளிநாட்டுக் கடிதம் என்பதால் அஞ்சலகத்திலேயே பிரித்து உரக்கப் படிக்கச் சொன்னார்கள். இங்கே அது வழக்கம். படித்தேன். கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு அறுபத்தொரு வயது. இடது முழங்கால் தவிர மற்றவை ஒழுங்காக இருக்கின்றன.

கல் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். எல்லாக் கல்லும் மிஞ்சியிருக்கிறது. வீடு அப்படியே நிற்கிறது. நான் அதில்தான் குடியிருக்கிறேன். நார்மனின் மகன் டோனால்ட் இந்த வீட்டில்தான் பிறந்தார். என் தாத்தா நார்மனின் இன்னொரு மகன். அந்த வகையில் நாம் அண்ணன் தங்கை முறை ஆகிறோம்.

பக்கத்து வீட்டு ஆங்கஸ் எடுத்த புகைப்படத்தை இணைத்திருக்கிறேன். கதவருகே தெரியும் வாளி, கூரை ஒழுகுவதற்காக வைத்தது. எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

உங்கள் ஊராருக்கும் ஆடுகளுக்கும் என் வணக்கம்.

மார்சலி மெக்காஸ்கில்


ட்ரோசரே
21 மார்ச் 1981

அன்புள்ள ஊனாவுக்கு,

உன் இருமல் நின்றதா? நிற்காவிட்டால் கடற்கரைப் பக்கம் நடப்பதை நிறுத்து.

நல்ல செய்தி. வீட்டு ஆய்வாளர் வந்துவிட்டுப் போனார். உள்ளே நுழைந்ததும் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. நானே குறி பார்த்துப் போட்டிருந்தால்கூட இவ்வளவு சரியாக விழுந்திருக்காது.

"குளிக்கிறது எங்கேம்மா?" என்றார்.

"அடுப்புக்கு முன்னாடி, தகரத் தொட்டியில. சனிக்கிழமை."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல அழுக்கா இருப்பேன்."

"கழிப்பிடம்?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுப் போவேன்."

மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று எழுதிக்கொண்டார். இந்த வீட்டைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. இனி ஓபன் நகரில் உன் பக்கத்து அரசு வீடான நான்காம் எண் எனக்குத்தான் என்றும், ஆகஸ்டில் சாவி கிடைக்கலாம் என்றும் சொன்னார்.

ஊனா, அப்பா, அம்மா, அப்புறம் நம் அண்ணன் நீல், மூன்று பேரையும் இந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று பேருக்கும் கஞ்சி ஊட்டியது நான். நான்காவதாக என்னைத் தூக்கக் கூடாது. நான் நடந்து வெளியேற வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை. சுடுதண்ணீர்க் குழாயும் உண்டு. ஆனால் அது இரண்டாவது ஆசை.

நியூசிலாந்திலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். சின்ன டோனால்டின் பேரன். டோனால்ட் பிறந்த வீடு எது என்று கேட்டார். இதுதான் என்றேன். வீட்டில் எத்தனை டோனால்ட் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் நம் தாத்தா கதையையும் சொல்ல வேண்டிவரும். ஒரு படத்தோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா மார்சலி


ஓபன்
12 ஏப்ரல் 1981

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றது. மருந்தால் அல்ல, உன் கடிதத்தால்.

வீட்டுவசதி அலுவலகத்தில் ராங்கினைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். மாதம் இரண்டு முறை போகிறேன் அல்லவா.

"அறிக்கை வந்திருச்சும்மா. உங்க அக்கா வீடு ரொம்ப மோசம். வாழ்த்துக்கள்" என்றார்.

நான்காம் எண்ணில் இருந்த கிழவர் கிளாஸ்கோவுக்கு மகனிடம் போய்விட்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சமையலறைக் குழாயில் சிவப்புப் புள்ளி இருக்கிறது. அந்தப் பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர். படுக்கையறையிலிருந்து படகுத்துறை தெரியும். படகு உன் தீவுக்குக் கிளம்புவதை நீ போகாமலேயே பார்க்கலாம்.

இப்போதே என்னிடம் வந்துவிடு என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் வீடு ஒரு ஆளுக்கு என்று கொடுத்தது. பூனைக்கே மனுப்போட்டு அனுமதி வாங்கினேன். தனியார் வாடகை நம் இருவர் ஓய்வூதியத்தையும் சேர்த்தாலும் எட்டாது.

ஒன்று மட்டும் நினைவில் வை. சாவி கைக்கு வரும்வரை அந்த வீட்டில் எதையும் பழுது பார்க்காதே. ஆங்கஸ் ஆணியோடு வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடு. வாளியைக்கூட மாற்றாதே.

தங்கை ஊனா


நியூ ட்ரோசரே
18 மே 1981

அன்புள்ள தங்கை மார்சலிக்கு,

"அண்ணன் தங்கை முறை" என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் பொதுக்குழுவில் இரண்டு முறை படிக்க நேர்ந்தது. முதல் முறை படித்தபோது என் மைத்துனர் தேம்பியதில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. அவர் மீண்டும் பொருளாளர் ஆகியிருக்கிறார்.

முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றிக் கவலை தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிச் சங்க அரங்கில் மாட்டினோம். அந்த வாளி எல்லோரையும் உலுக்கிவிட்டது. நாங்கள் இங்கே காய்ந்த கூரைகளின் கீழ் சுகமாக இருக்க, நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் கணப்படுப்பை அணையாமல் காத்த குடும்பத்தின் கடைசிப் பெண் வாளிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். இதைச் சகித்துக்கொள்ள எங்களால் இயலவில்லை.

ஆகவே இரண்டு தீர்மானங்கள். ஒன்று, உங்களுக்குக் "கணப்புக் காவலர்" என்ற பட்டம் வழங்கப்படுகிறது. இது ஆயுட்காலப் பதவி. விலகுவதற்கு விதி எதுவும் வகுக்கப்படவில்லை. அதற்கு அவசியம் இராது என்று கருதினோம்.

இரண்டு, என் தம்பி மகன் கிரெய்க்கும் அவன் மனைவி லின்னும் ஜூலையில் அங்கே வந்து கூரையைப் புதிதாக வேய்ந்து தருவார்கள். கிரெய்க் தொழிலால் பிளம்பர். கூரை வேயத் தெரியாது. ஆனால் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்திருக்கிறான். வீடு 1863-இல் இருந்தபடியே இருக்க வேண்டும், நவீன வசதி எதையும் நுழைத்து அதன் புனிதத்தைக் கெடுக்கக் கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

பயணச்சீட்டு வாங்கியாகிவிட்டது.

உங்கள் அண்ணன்,
லாக்லன்


ட்ரோசரே
10 ஜூன் 1981

மதிப்புக்குரிய லாக்லன் மெக்காஸ்கில் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் சங்கமும் நன்றாக இருக்க வேண்டும். அண்ணன் என்று எழுதாததற்கான காரணம் கீழே இருக்கிறது.

எங்கள் தீவில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர். அடுத்த மகனுக்கு அம்மாவைப் பெற்றவரின் பெயர். இதில் சலுகை கிடையாது. நார்மனின் அப்பா பெயர் டோனால்ட். நார்மனின் மாமனார் பெயரும் டோனால்ட். இரண்டு கிழவர்களும் உயிரோடு இருந்தார்கள், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே நார்மனுக்கு இரண்டு மகன்கள், இருவரும் டோனால்ட். ஊருக்குப் பெரிய டோனால்ட், சின்ன டோனால்ட். இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. அடுத்த வீட்டில் மூன்று மார்கரெட்டுகள் இருந்தார்கள்.

உங்கள் தாத்தா சின்னவர். என் தாத்தா பெரியவர்.

நார்மன் படுக்கையில் விழுந்தபோது பெரியவர் கிளாஸ்கோவில் கப்பல் பட்டறை வேலையில் இருந்தார். கூட இருந்து பார்த்துக்கொண்டவர் சின்னவர். நார்மன் சாவதற்கு முன், தீவின் நிலங்களை நிர்வகித்த எஸ்டேட் மேலாளரை வரவழைத்து, வீடும் நிலமும் டோனால்டுக்கு என்று சொன்னார். யாரைச் சொன்னார் என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும், மேலாளரைத் தவிர. அவர் வெளியூர்க்காரர். ஒரு வீட்டில் இரண்டு டோனால்ட் இருக்க முடியும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அடக்கத்துக்கு வந்த பெரியவர் மறுநாள் காலை எஸ்டேட் அலுவலகத்துக்குப் போய், "நார்மன் மகன் டோனால்ட் நான்தான்" என்றார். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த வசந்தத்தில் சின்னவர் கப்பலேறினார். அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்த அன்று மழை பெய்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

எனவே நான் உங்கள் கணப்பைக் காத்தவள் அல்ல. அதைப் பிடுங்கிக்கொண்டவரின் பேத்தி. எனக்காக நீங்கள் கூரை வேய்வது எந்த வகையிலும் நியாயமில்லை. பயணத்தை ரத்து செய்தால் தவறாக நினைக்க மாட்டேன். ஒழுகல் பழகிவிட்டது.

மார்சலி மெக்காஸ்கில்


ட்ரோசரே
26 ஜூலை 1981

அன்புள்ள ஊனாவுக்கு,

என் உடம்பைப் பற்றிக் கேட்காதே. மிக நன்றாக இருக்கிறது. அதுதான் சங்கடம்.

நியூசிலாந்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். என் கடிதம் அங்கே போய்ச் சேருவதற்குள் கிளம்பியிருக்கிறார்கள். கிரெய்க், லின். இருவருக்கும் முப்பது வயதுக்குள்தான். படகிலிருந்து இறங்கியதும் கிரெய்க் முழங்காலிட்டுத் துறைமுகத் தரையை முத்தமிட்டான். அது போன வருஷம் போட்ட சிமென்ட். ஆங்கஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், மரியாதைக்காகச் சொல்லவில்லை.

வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்காமல் எப்படிச் சொல்வது? கொடுத்த பிறகு எப்படிச் சொல்வது? தாத்தா கதையை மட்டும் சொன்னேன். "அட, சினிமா மாதிரி இருக்கே அத்தை" என்றாள் லின். மூன்றாம் நாள், அவன் ஏணியில் நின்று பழைய புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அண்ணாந்து சொல்லியே விட்டேன்.

"கிரெய்க், நான் இந்த வீட்டை விட்டுப் போயிரலாம்னு இருக்கேன்."

இறங்கி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"ஒழுகுதுன்னுதானே அத்தை?"

என்ன சொல்வது? ஒழுகுவது உண்மைதானே. "ஒழுகுது. குளிருது. இந்த வயசுல நிம்மதியா ஒரு குளியல் கிடையாது."

"அவ்ளோதானே. நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று மறுபடி ஏறிவிட்டான்.

அடுத்த படகில் ஒரு குளியல் தொட்டி வந்தது. கூடவே கொதிகலன், கழிப்பறை, குழாய் வகைகள். "பெரியப்பாகிட்ட மூச்சு விட்ராதீங்க அத்தை. 1863-ல தொட்டி கிடையாதுன்னு தீர்மானம் போட்டிருக்காங்க. தெரிஞ்சா எங்களை ஊருக்குள்ள விடமாட்டாங்க" என்றாள் லின். மாட்டுக் கொட்டிலாக இருந்த பகுதியை ஐந்தே நாளில் குளியலறை ஆக்கிவிட்டான். இத்தனை திறமையான பையனை நான் பார்த்ததில்லை. வேறு யார் வீட்டிலாவது என்றால் பாராட்டியிருப்பேன்.

கூரைக்கு ஊரே வந்தது. நான் நாற்பது வருஷமாகக் கெஞ்சியும் வராதவர்கள், வெள்ளைப் பற்களோடு ஒரு வெளிநாட்டுப் பெண் கேட்டதும் மணல்மேட்டுப் புல்லை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆங்கஸ் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, "மார்சலி, மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கே? உன் கல்யாணத்துக்குக்கூட நாங்க இவ்ளோ பேர் வந்திருக்க மாட்டோம்" என்று கத்தினார்.

வியாழக்கிழமை ஆய்வாளர் இறுதிக் கையெழுத்துக்காக வந்தார். வாசலில் காலணியைக் கழற்றினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கிரெய்க் பெருமையாகக் குழாயைத் திறந்து காட்டினான். ஆவி வந்தது. "எங்க வீட்டுலகூட இவ்ளோ சூடா வராது" என்றார் ஆய்வாளர். முன்பு எழுதியதை நின்றபடியே கோடு போட்டு அடித்தார். "ரொம்ப சந்தோஷம்மா. இனிமே நீங்க எங்கேயும் போக வேணாம்" என்று கைகுலுக்கினார்.

அன்று மாலை குளித்தேன். தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ராங்கினை உடனே பார்.

அக்கா மார்சலி


நியூ ட்ரோசரே
24 ஆகஸ்ட் 1981

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் திரும்பவும் "மதிப்புக்குரிய" என்று தொடங்கியிருந்ததை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

உங்கள் கடிதத்துக்காக அவசரப் பொதுக்குழு கூட்டப்பட்டது. இவ்வளவு பேர் முன்பு ஒரே ஒரு முறைதான் வந்திருந்தார்கள். அது இலவச இரவு விருந்து. நீண்ட விவாதத்துக்குப் பின், பெரிய டோனால்டை மன்னிக்கும் தீர்மானம் பெரும்பான்மையோடு நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த ஐவருக்கும் உங்கள் மேல் வருத்தம் இல்லை. அவர்களில் ஒருவர் உங்களுக்குப் பழப்பாகு அனுப்பியிருக்கிறார்.

உங்கள் நேர்மையால் இன்னொரு உண்மையும் வெளிப்பட்டிருக்கிறது. அந்த வீட்டை எங்கள் தாத்தா பிறந்த வீடு என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம். நார்மன் அதை அவருக்கே கொடுத்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. இத்தனை காலமும் அதை விற்காமல், இடிக்காமல், விட்டுப் போகாமல் எங்களுக்காகக் கட்டிக் காத்தது உங்கள் குடும்பம். ஒரு தவற்றுக்கு மூன்று தலைமுறை பரிகாரம். இதைச் சொன்னபோது என் மைத்துனரை வெளியே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

எடின்பரோவிலுள்ள பழங்கட்டடத் துறைக்கு மே மாதமே எழுதியிருந்தோம். வீட்டைப் பட்டியலில் சேர்க்க இசைந்துவிட்டார்கள். இனி யாரும் அதை இடிக்கவோ மாற்றவோ பாழாக விடவோ முடியாது. சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும்.

கிரெய்க் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னான். வீட்டில் புதுமை எதையும் செய்யவில்லை என்று உறுதியளித்தான். நீங்கள் ஆனந்தத்தில் பேச்சற்று இருந்தீர்கள் என்றும் சொன்னான். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் லாக்லன்


ஓபன்
20 செப்டம்பர் 1981

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. ராங்கின் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க அக்கா வீட்டுல சுடுதண்ணி வருதாமே?"

"எப்பவாவது வரும்."

"குளியல் தொட்டி?"

"சின்னது."

"கூரை ஒழுகுதா?"

"மழை பெஞ்சா ஒழுகும்னு நினைக்கிறேன்."

"ட்ரோசரேல நாலு மாசமா பெய்யுதும்மா. ஒழுகலைன்னு அறிக்கை சொல்லுது." கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தகுதியில்லாத வீட்டுலேர்ந்துதான் நான் ஆள எடுக்க முடியும். அது இப்ப உங்க வீட்டைவிட நல்ல வீடு. நீங்க வேணா அங்க போயிருங்களேன்."

ஒரு வழி இருக்கிறது. அவரே மெதுவாகச் சொன்னார். சாவி அக்டோபர் முடிய அவர் மேஜைக்குப் பின்னால்தான் தொங்கும். அதற்குள் வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால், நீ எழுதிக் கொடுத்தால், ஆய்வாளரை மறுபடி அனுப்புவார்.

அக்கா, நீ வாழ்நாளில் ஒரு தட்டைக்கூட உடைத்ததில்லை. அம்மா எப்போதும் அதைச் சொல்லித்தான் என்னை அடிப்பாள். இப்போது ஒரு குழாயை உடை. எனக்காகச் செய்.

ஊனா


ட்ரோசரே
18 அக்டோபர் 1981

அன்புள்ள ஊனாவுக்கு,

உடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை, நீல் அண்ணனின் சுத்தியலை எடுத்துக்கொண்டுபோய்க் கொதிகலனுக்குக் கீழே இருக்கும் குழாயை அடித்தேன். நான்கு அடி தேவைப்பட்டது. கிரெய்க் வேலை அப்படி. தண்ணீர் அறை முழுக்கப் பரவியது. நாற்காலியில் உட்கார்ந்து ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினேன். உறையை ஒட்டி, கோட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் ஆங்கஸ். கதவுக்குக் கீழே தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். கையில் கிரெய்க் விட்டுப்போன பெட்டி. எல்லாக் குழாய்க்கும் மாற்றுத் துண்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான், ஊனா. ஆங்கஸுக்குப் பாடமும் நடத்தியிருக்கிறான்.

முழுதாகக் கேட்கக்கூட இல்லை. உள்ளே போய்க் குனிந்தவர் அரை மணியில் நிமிர்ந்துவிட்டார்.

"எப்படி உடைஞ்சுது?" என்றார்.

"தெரியல."

சுத்தியல் மேஜைமேல் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதை எடுத்துத் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பையனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் மார்சலி. நீ இருக்கற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு சொட்டு ஒழுகாது."

"இல்ல ஆங்கஸ், எனக்கு ஓபனுக்குப் போகணும்."

"எதுக்கு, பல்லு வலியா?"

"அங்கயே இருக்க."

அவர் கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். "நீயும் போயிட்டா இந்தப் பக்கத்துல யார் வீட்டு விளக்கு எனக்குத் தெரியும்?" என்றார். அப்புறம் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆங்கஸ் கோப்பை கழுவி நான் பார்த்ததில்லை.

ஆய்வாளருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உடையாத குழாயை வந்து பார் என்று எப்படி அழைப்பது? இன்னொரு முறை உடைக்கலாம்தான். ஆனால் எடின்பரோவிலிருந்து வந்த கடிதம், பட்டியலில் உள்ள வீட்டுக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பது குற்றம் என்கிறது. தவிர, கிரெய்க் இனிமேல் ஆங்கஸுக்குத் தபாலில் கொதிகலனே அனுப்புவான்.

நீ ராங்கினிடம் இன்னொரு முறை பேசிப் பார். என் வயதைச் சொல். முழங்காலைச் சொல்.

மார்சலி


ஓபன்
5 நவம்பர் 1981

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வயதைச் சொன்னேன். உன் முழங்காலைச் சொன்னேன். வரிசையில் நின்ற பெண்களிடமும் சொன்னேன். "எனக்குப் புரியாம இல்லம்மா" என்றார் ராங்கின். அவருக்குப் புரிகிறது. அதுவும் ஒன்றுக்கும் உதவவில்லை.

நான்காம் எண்ணுக்கு லிஸ்மோர் தீவிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் தரை இடிந்துவிட்டதாம். நல்ல மனிதர்கள். குடிவந்த அன்று ஒரு தட்டு ஓட்ஸ் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி வைத்தேன், சாப்பிடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான் வருகிறேன். படகு ஓடினால்.

ஊனா


ட்ரோசரே
14 ஜனவரி 1982

அன்புள்ள லாக்லன் அண்ணனுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் சங்கத்தார் அனைவருக்கும் புத்தாண்டு நன்மை தரட்டும். மைத்துனர் மனம் தேறிவிட்டாரா? தங்கை ஊனா கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தாள். கடல் சரியில்லாததால் படகு ஓடவில்லை. மற்றபடி இங்கே குறை ஒன்றும் இல்லை. கூரை நன்றாக இருக்கிறது. குளிர்காலப் புயல் மூன்று வந்து போயும் ஒரு துளி உள்ளே வரவில்லை.

நீங்கள் அனுப்பிய பித்தளைத் தகடு வந்தது. ஆங்கஸ் அதைக் கதவுக்கு மேலே பதித்திருக்கிறார். பழப்பாகுக்கு நன்றி சொல்லவும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: அடுத்த ஆண்டு நீங்கள் நாற்பது பேர் வருவது பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊரார் ஆளுக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அண்ணியும் இங்கே தங்கலாம். படுக்கை இருக்கிறது. நான் அடுப்பறையில் படுத்துக்கொள்வேன்.

என்றும் அன்புடன்,
தங்கை மார்சலி

பி.கு.: இனிமேல் கூரை வேய்வதற்கு அரசு உதவித்தொகை தருவதாக எடின்பரோவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அதற்காக வீட்டைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டுமாம். உங்கள் பயணக் கையேட்டில் நேரத்தை அச்சிட வேண்டுமானால் இதோ: ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை. அந்த நேரத்தில் நான் உள்ளே இருப்பேன்.